வேடந்தாங்கல் ஏரி சொல்லும் பாடம்: பறவைக்குத் தண்ணீர், பயிருக்கு உரம்

தை பிறந்து நவரைப் பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாளில், மதகைத் திறப்பதா, இன்னும் சில நாள் மூடி வைப்பதா என்ற கேள்வி ஏரிப் பாசன விவசாயிகள் எல்லோருக்கும் எழுவதுதான். பறவைகள் கூடு கட்டியிருக்கும் ஏரியில் இந்தக் கேள்வி இன்னும் கடினமாகி விடுகிறது. மதகுக்குக் கீழே பயிர் நிற்கிறது. ஏரிக்குள்ளே மரங்களில் இறகு முளைக்காத குஞ்சுகள் இருக்கின்றன. தண்ணீர் அடியோடு வற்றிப்போனால் குஞ்சுகள் பிழைக்கா. தண்ணீர் விடாவிட்டால் பயிர் பிழைக்காது.

இவ்விரண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்க்காமல், ஒன்றுக்கு ஒன்று துணையாக்கிக் காட்டிய ஊர் வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். இங்குள்ள பறவைகள் சரணாலயத்தைக் காண ஆண்டுதோறும் நகரத்து மக்கள் திரளாக வருகிறார்கள். நகரத்தாருக்கு அது கண்காட்சி. விவசாயிக்கோ அது ஒரு பாடசாலை. அங்கு கற்க வேண்டியவை எவை, கற்றதை நம் ஊர் ஏரியில் எப்படிச் செயல்படுத்தலாம் என்பதைப் பார்ப்போம்.

விவசாயிகள் காத்த ஏரி

இந்த ஏரியைச் சட்டம் காப்பதற்கு வெகு காலம் முன்பே விவசாயிகள் காத்து வந்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கு வந்து நாரைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஊர் மக்கள் திரண்டு அப்போதைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை இவ்வூராருக்கு உண்டு என்று ஏற்று 1798-ஆம் ஆண்டில் 'கௌல்' எனப்படும் உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. 1858-ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-ஆம் ஆண்டில் அரசு இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 1998-ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் தொலைவு வரையுள்ள பகுதி முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது.

அந்த நாளைய விவசாயிகள் கலெக்டரிடம் போனதற்குப் பறவைகளிடம் கொண்ட பரிவு மட்டும் காரணமன்று. பறவைகள் தங்கும் ஏரியின் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கூடுவதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பறவை போனால் உரம் போகும் என்பது அவர்கள் கணக்கு. வரவு செலவு தெரிந்த கணக்கு ஆனதால்தான் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

எச்சம் உரமாவது எப்படி?

மாட்டுக்குச் சாணமும் சிறுநீரும் தனித்தனியே வெளியேறுகின்றன. சிறுநீரில் உள்ள தழைச்சத்து பெரும்பாலும் தொழுவத்து மண்ணில் இறங்கி வீணாகி விடுகிறது. பறவைக்கு அப்படி இல்லை. கழிவு இரண்டும் ஒரே வழியாகக் கலந்து வெளிவருகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். இது தழைச்சத்து நிறைந்த பொருள். தண்ணீரிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்து, பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுகின்றன.

தொழு உரத்தில் சராசரியாக 0.5 சதம் தழைச்சத்தும், 0.2 சதம் மணிச்சத்தும், 0.5 சதம் சாம்பல் சத்தும் உள்ளன. கோழி எருவிலோ தழைச்சத்து ஏறக்குறைய 3 சதம், மணிச்சத்து 2.6 சதம், சாம்பல் சத்து 1.4 சதம் என்ற அளவில் உள்ளன. நீர்ப்பறவைகளின் எச்சமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. மீனையும் நத்தையையும் நண்டையும் தின்னும் பறவைகள் ஆதலால் மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இதில் உண்டு. பல ஆயிரம் பறவைகள் நான்கைந்து மாதங்கள் ஒரே ஏரியில் தங்கி எச்சமிடும்போது, ஏரித் தண்ணீரே கரைசல் உரமாக மாறி விடுகிறது.

இந்தத் தண்ணீர் கிடைக்கும் விவசாயி இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தண்ணீரில்தான் சத்து இருக்கிறதே என்று உரத்தை ஒரேயடியாக நிறுத்தி விடக் கூடாது. சத்தின் அளவு மாதத்துக்கு மாதம் மாறும். தலைமடைக்கும் கடைமடைக்கும் வேறுபடும். இரண்டாவது, வழக்கம்போல் யூரியாவை அள்ளிப் போடவும் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் பயிர் கரும்பச்சையாகிச் சாயும். இலைச் சுருட்டுப் புழுவும் புகையானும் பெருகும். ஆதலால் மண் பரிசோதனை செய்து அடியுரம் இட வேண்டும். மேலுரத்தை இலை வண்ண அட்டையைப் பார்த்து இட வேண்டும். நடவு செய்த 14-ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, நிறம் குறைந்தால் மட்டும் யூரியா இட்டால் போதும். பறவை தந்த உரம் எவ்வளவு என்பதை இலையே சொல்லி விடும். மிச்சமாகும் யூரியா மூட்டையின் விலைதான் பறவை தரும் லாபம்.

ஏரி வீடு, வயலே சமையலறை

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 எக்டேர், அதாவது சுமார் 75 ஏக்கர். அத்தனை பறவைகளுக்கும் குஞ்சுகளுக்கும் இந்த 75 ஏக்கரில் இரை கிடைக்குமா? கிடைக்காது. காலையில் கரையில் நின்று பார்த்தால் இது விளங்கும். நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி நாலா திசையிலும் பறந்து செல்கின்றன. அவை இறங்குமிடம் சுற்றுவட்டாரத்து நெல் வயல்களும், சிற்றேரிகளும், குட்டைகளும், கால்வாய்களுமே. ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் தொலைவு வரையுள்ள நிலப் பரப்பைக் கணக்கிட்டால் 19,000 ஏக்கருக்கு மேல் வரும். பறவைகள் உறங்குவதும் கூடு கட்டுவதும் ஏரியில். உண்பதோ விவசாயிகளின் நிலத்தில். ஏரியை மட்டும் வேலியிட்டுக் காத்தால் சரணாலயம் பிழைக்காது என்பதற்கு இதுவே காரணம்.

இரை தேடி வரும் பறவை வயலில் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

நத்தை குத்தி நாரையின் மூடிய அலகிலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையை வெளியே இழுக்க ஏற்ற அலகு அது. வயலிலும் வாய்க்காலிலும் உள்ள பெரிய நத்தைகளே இதன் முக்கிய உணவு. வெள்ளை அரிவாள் மூக்கன் வளைந்த நீண்ட அலகைச் சேற்றில் நுழைத்துப் பிள்ளைப்பூச்சி, வண்டு, புழு ஆகியவற்றைப் பிடிக்கும். வரப்பில் வளை தோண்டித் தண்ணீரை ஒழுக விடும் நண்டுகளையும் நாரை, கொக்கு இனங்கள் பிடித்துத் தின்கின்றன. ஏருக்குப் பின்னும் டிராக்டருக்குப் பின்னும் வரிசையாக வரும் உண்ணிக் கொக்கு, வெட்டுக்கிளியையும் உழவில் வெளிப்படும் புழுக்களையும் பொறுக்குகிறது. இதற்குக் கூலி இல்லை.

பறவைகளால் நஷ்டமே இல்லை என்று சொல்வதும் சரியாகாது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூழைக்கடாவும் மீனைத் தின்பவை. மீன் குத்தகை எடுத்தவருக்கு இவற்றைக் கண்டால் மனம் பதறும். நீலத் தாழைக்கோழி நெற்பயிரை மிதித்தும் முறித்தும் சேதம் செய்வதுண்டு. சில வாத்து இனங்கள் விளைந்த கதிரைத் தின்னும். மீன் குஞ்சு விட்ட சிறு குட்டைக்கு மேலே கயிறுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டலாம். கதிர் முற்றும் நாளில் வயலின் மேல் பளபளப்பான நாடாக்களைக் கட்டலாம். விஷம் வைப்பது, வலை விரிப்பது, கண்ணி வைப்பது ஆகியவை மட்டும் கூடாது. அவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

நான்கு மாதத் தண்ணீர்

வடகிழக்குப் பருவ மழையில் ஏரி நிரம்பியதும் பறவைகள் வரத் தொடங்குகின்றன. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல் மரங்களில் கூடு கட்டுகின்றன. கூடு கட்டுவது முதல் மார்ச், ஏப்ரல் வரை குடும்பம் நடக்கிறது. முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். கூழைக்கடா போன்ற பெரிய பறவைகளின் குஞ்சுகள் தாமாகப் பறக்க மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகும். ஆக, மரத்தடியில் நான்கு மாதமாவது தண்ணீர் நிற்க வேண்டும்.

தண்ணீர் வெறும் குடிநீர் அன்று. அதுவே கூட்டுக்கு வேலி. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வரை பூனை, நரி, நாய், மனிதர் எவரும் எளிதில் நெருங்க முடியாது. தண்ணீர் வற்றித் தரை தெரிந்தால் வேலி திறந்துவிட்டது என்று பொருள். தாய்ப் பறவைகள் அஞ்சிக் கூட்டை விட்டுப் போய்விடும். குஞ்சுகள் பட்டினியில் மடியும். மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பறவைகள் கூடு கட்ட வருவதில்லை.

ஆகவே, பறவைகள் கூடும் ஏரியில் பாசனத் தண்ணீரைக் கணக்கிட்டுச் செலவு செய்ய வேண்டும். மதகை ஒரே மூச்சில் திறந்து ஏரியை வடிய விடாமல் முறை வைத்துத் தண்ணீர் விடலாம். கடைசி இரண்டு, மூன்றடித் தண்ணீரைப் பங்குனி வரை நிறுத்தி வைக்க ஆயக்கட்டுதாரர்கள் கூடி முடிவு செய்யலாம். நவரைக்குத் தண்ணீர் போதாது என்று தெரிந்தால் முழு ஆயக்கட்டிலும் நெல் நடக் கூடாது. ஒரு பகுதியில் உளுந்து, பச்சைப்பயறு, எள் போன்ற குறைந்த தண்ணீர்ப் பயிர்களைச் செய்யலாம். நெல் வயலிலும் எந்நேரமும் தண்ணீர் தேங்கி நிற்கத் தேவையில்லை. கட்டிய தண்ணீர் மறைந்து சிறு வெடிப்பு தோன்றும் சமயம் மறுபடி இரண்டு அங்குலம் கட்டினால் போதும். இதனால் மிச்சமாகும் தண்ணீரில் பறவையும் பிழைக்கும், பயிரும் பிழைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேட்டை

துப்பாக்கி வேட்டை இன்று அரிது. ஆனால் பூச்சி மருந்து என்னும் வேட்டை ஓசையில்லாமல் நடக்கிறது. தெளித்த வயலில் சாகும் தவளையையும் மீனையும் நண்டையும் நாரை பொறுக்குகிறது. கூட்டில் காத்திருக்கும் குஞ்சின் வாயில் அதையே ஊட்டுகிறது. விவசாயி வயலில் விட்ட மருந்து, சில கிலோ மீட்டர் தாண்டி ஏரி மரத்தில் இருக்கும் குஞ்சின் வயிற்றுக்குப் போய்ச் சேருகிறது.

டி.டி.டி. உடலில் சேர்ந்த பறவைகள் மெல்லிய ஓடுள்ள முட்டைகளை இட்டன. தாய் அடைகாக்க அமர்ந்ததும் அவை நொறுங்கின. பல நாடுகளில் இவ்வாறு பறவையினங்கள் குறைந்தன. நம் நாட்டில் வேளாண்மையில் டி.டி.டி. உபயோகம் 1989-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. போரேட் குருணை 2020-ஆம் ஆண்டு இறுதியோடு தடை செய்யப்பட்டது. கார்போபியூரான் குருணை ஒன்றே ஒன்று சிட்டுக்குருவி அளவுள்ள பறவையைக் கொல்லப் போதுமானது. இதன் உபயோகத்தை 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெகுவாகக் கட்டுப்படுத்தியது. தடை செய்த மருந்து பழைய இருப்பில் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

மருந்துச் செலவைக் குறைக்கும் முறைகள்

பூச்சியைக் கண்டதும் மருந்து அடிக்க வேண்டியதில்லை. சேதம் ஓர் அளவைத் தாண்டினால்தான் மருந்துச் செலவுக்கு ஈடாகும். நெல்லில் தண்டுத் துளைப்பானுக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது 10 சதம் குருத்து காய்தல் என்பது அந்த அளவு. இலைச் சுருட்டுப் புழுவுக்கு, பயிர் வளரும் பருவத்தில் 10 சதம் இலைச் சேதம். கண்ணாடி இலைப் பருவத்தில் 5 சதம். புகையான் தூருக்கு ஒன்று இருந்தால் கவனிக்க வேண்டும். வயலில் சிலந்திகள் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

இந்த அளவை எட்டாமல் தடுக்கும் எளிய முறைகள் இவை:

1. நடவின்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட வேண்டும். காற்றும் வெளிச்சமும் புகுந்தால் புகையான் பெருகாது.

2. வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை பறவைத் தாங்கிக் குச்சிகளைப் பயிருக்கு ஓரடி உயரமாக இருக்குமாறு நட வேண்டும். இரட்டைவால் கரிச்சானும் மைனாவும் இவற்றில் அமர்ந்து அந்துப் பூச்சியையும் புழுவையும் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் குச்சிகளை எடுத்து விட வேண்டும். இல்லாவிட்டால் நெல் தின்னும் குருவிக்கு அவையே ஆசனமாகி விடும்.

3. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை விளக்குப் பொறி வைத்து அந்துப் பூச்சிகளைக் கவர்ந்து அழிக்கலாம். விடிய விடிய எரிய விட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும்.

4. ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, வடிகட்டி, 200 லிட்டர் கரைசலாக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளிக்கலாம்.

5. வாய்க்காலிலும் வயலிலும் உள்ள நத்தையைக் கையால் பொறுக்கி எடுத்தாலே போதும். நத்தைக்கு விஷம் வைத்தால் அதைத் தின்னும் நாரைக்கும் விஷம் வைத்ததாகும்.

6. மருந்து அடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், வேளாண்மை விரிவாக்க அலுவலரின் யோசனைப்படி சரியான மருந்தை, சரியான அளவில் அடிக்க வேண்டும். அடித்த வயலின் தண்ணீரைக் குறைந்தது ஒரு வாரம் வடிக்கக் கூடாது. தெளிப்பானை ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. காலி டப்பாக்களை ஓட்டை போட்டு, நீர்நிலைக்குத் தொலைவாக அப்புறப்படுத்த வேண்டும்.

ஏரிக்குப் போய்ப் பார்ப்பது எப்படி?

நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகளைக் காண ஏற்ற காலம். டிசம்பர், ஜனவரி மாதங்கள் மிகச் சிறந்தவை. போகும் முன் அவ்வாண்டு ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுச் சாலையில் திரும்பிச் செல்லலாம். மதுராந்தகத்திலிருந்தும் செல்லலாம்.

நடுப்பகலில் போவதில் பயன் குறைவு. அதிகாலையிலோ மாலை மூன்று மணிக்குப் பின்னரோ செல்ல வேண்டும். மாலையில் ஒரு வேடிக்கையைக் காணலாம். பகலெல்லாம் வயலில் வேலை செய்த கொக்கும் நாரையும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும். அதே நேரத்தில், பகலில் உறங்கிய வக்கா என்னும் இராக்கொக்கு கிளம்பி வயலுக்குப் போகும். ஆலையில் ஒரு முறையினர் வெளியேற மறு முறையினர் உள்ளே போவது போல, இரவு பகல் ஓயாமல் வேலை நடக்கிறது.

விவசாயிகள் குழுவாகச் சென்றால் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். பறவைகள் எந்தத் திசை வயல்களுக்கு அதிகம் போகின்றன? குஞ்சுக்கு வாயில் என்ன கொண்டு வருகின்றன? எந்த மரத்தில் கூடுகள் அதிகம்? எச்சம் விழும் மரத்தடித் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது? இந்த நான்கிற்கும் விடை கண்டால் ஒரு நாள் பயணம் வீணாகாது.

ஏறக்குறைய 10 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள கரிக்கிலி சரணாலயத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். இது 1989-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இங்கு தண்ணீர் ஆழம் குறைவு. ஆதலால் வாத்துகளும், கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான் இனங்களும் இதை நாடி வருகின்றன. மரங்களுள்ள ஏரி கூடு கட்ட. ஆழமில்லாத ஏரி இரை தேட. ஒரு வட்டாரத்தில் இரண்டு வகையும் வேண்டும். சிற்றேரி தூர்ந்து போனாலும் பெரிய ஏரியின் பறவைக்கு நஷ்டமே.

சரணாலயத்தில் கூச்சலிடுவது, வெடி வெடிப்பது, ஒலிபெருக்கி வைப்பது கூடாது. கண்ணைப் பறிக்கும் நிறத் துணிகளைத் தவிர்ப்பது நலம். பிளாஸ்டிக் பைகளை எறியக் கூடாது. பறவைக்குத் தீனி போடக் கூடாது. கரையை விட்டு இறங்கிக் கூட்டை நெருங்கினால் தாய்ப் பறவை எழுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் முட்டையையும் குஞ்சையும் வெயில் வாட்டும். காக்கையும் பருந்தும் கொத்திச் செல்லும்.

நம் ஊர் ஏரிக்கு என்ன செய்யலாம்?

ஒவ்வோர் ஏரியும் சரணாலயம் ஆக முடியாது. ஆனால் பறவை வந்து இறங்கும் ஏரியாக ஆக்க முடியும். அதற்கான வேலைகள் பாசனத்துக்கும் வேண்டியவையே.

முதல் வேலை வரத்துக் கால்வாய். வேடந்தாங்கல் ஏரி தன் மேல் பெய்யும் மழையால் மட்டும் நிரம்புவதன்று. கால்வாய்கள் கொண்டுவரும் மழைத் தண்ணீரும், மேலேயுள்ள வளையபுத்தூர் ஏரியின் உபரித் தண்ணீரும் வந்து சேர வேண்டும். மேல் ஏரி தூர்ந்தாலும், இடையில் கால்வாய் ஆக்கிரமிக்கப்பட்டாலும், கீழ் ஏரிக்குத் தண்ணீர் வராது. ஆடி, ஆவணியிலேயே ஊரார் கூடி வரத்துக் கால்வாயைச் செப்பனிட வேண்டும்.

இரண்டாவது வேலை மரம். ஏரியின் உட்புறத்தில், பாசனத்துக்கு இடையூறில்லாத இடத்தில், தண்ணீரில் நின்று தாங்கும் நீர்க்கடம்பு, நாட்டுக் கருவேல் ஆகியவற்றைத் திட்டுத் திட்டாக நடலாம். எச்சம் அளவு மீறினால் மரத்தின் இலைகள் வெள்ளைப் பூச்சுப் பூசியது போலாகி நாளடைவில் மரமே பட்டுப் போவதுண்டு. ஆகவே பழைய மரம் நிற்கும்போதே புதிய கன்றை நட்டு வளர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஏரியில் மண்டும் ஆகாயத் தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக் கருவேல் ஆகியவற்றை அகற்றுவது. இதைப் பறவைகள் இல்லாத கோடையில் மட்டுமே செய்ய வேண்டும். சீமைக் கருவேலில் கூடு இருந்தால், மாற்று மரம் வளரும் வரை அதைத் தொடக் கூடாது.

நான்காவது வண்டல். பறவைகள் தங்கிய ஏரியின் வண்டல் நல்ல உரம். அரசின் அனுமதி பெற்றுக் கோடையில் எடுத்து நிலத்தில் இடலாம். ஆனால் சரணாலய ஏரியில் வனத்துறை அனுமதியின்றி ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது. மற்ற ஏரிகளிலும் மரத்தடி மேடுகளைத் தோண்டாமல் விட்டு வைக்க வேண்டும்.

ஐந்தாவது, ஊர்க் கட்டுப்பாடு. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியில் மட்டுமின்றி வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடியும் வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் இவ்வாறே வெடியைக் கைவிட்டவர்கள். குழந்தைகள் கூட இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், பெரியவர்கள் எடுத்த முடிவு ஊருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பது தெரிகிறது. ஏரிப் பாசன சங்கமும் ஊராட்சியும் கூடி, வேட்டை, விஷம், வெடி மூன்றும் நம் ஏரியில் இல்லை என்று கட்டுப்பாடு விதித்துக்கொண்டால், சட்டம் செய்ய முடியாததை ஊர் செய்துவிடும்.

ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தானது. அந்நாளை உலக ஈரநில நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சிற்றூரின் விவசாயிகள் பறவைகளுக்காக ஆட்சியாளரின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் பெற்ற பத்திரத்தின் காலம் முடிந்துவிட்டது. அவர்கள் செய்த ஏற்பாடு முடியவில்லை.

இந்தத் தை மாதத்தில் மதகுச் சாவியைக் கையில் எடுக்கும் ஆயக்கட்டுதாரர்கள், ஒரு முறை ஏரிக்குள் நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டில் குஞ்சு இருந்தால், பயிருக்கு வேண்டிய அளவு தண்ணீர் விட்டு, மரத்தடித் தண்ணீரை மிச்சம் வைக்கட்டும். அந்த மிச்சத்தைப் பறவைகள் அடுத்த ஆண்டு உரமாகத் திருப்பித் தரும்.